எட்டாவது மாப்பிள்ளை

ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க, தங்கச்சி. எனக்குக் காத்து ஒத்துக்கிடாது, கழுத்து பிடிச்சிக்கிடும். கையில என்ன, வேதமா? ஜிப் வச்ச உறை போட்டிருக்கு, அப்போ சி.எஸ்.ஐ-தான். நாசரேத்துப் பக்கமா? நான் சொன்னேன்ல்லா. நாங்க ஆர்.சி., கடக்கரை. ரபேல்துறை. இந்த பஸ்ஸுக்கு அதுதான் கடைசி ஸ்டாப்பு. நான் தூத்துக்குடியில டீச்சரா இருந்து அங்கேயே தங்கிட்டேன். செர்த்ரூது டீச்சர்னா தெரியாதவங்க கிடையாது. என் தம்பி மகளுக்கு இன்னைக்குச் சாயந்திரம் ஊர்ல கல்யாணம். என்னைக் கூப்பிடல. கூப்பிடாட்டா என்ன, போறேன். அத்தைன்னு ஒருத்தி உசுரோட இருக்கும்போது அத்தை முறையை வேற எவ செய்வா?

முறைன்னு சும்மா சொல்லல. எங்க கோயில்ல ரபேல் சம்மனசுதான் பாதுகாவலர். சம்மனசுன்னா நீங்க தேவதூதன்னு சொல்லுவிய. மத்த ஊர்ல அவரு சுரூபத்துல, அதான் சிலையில, கையில மீன் இருக்கும். எங்க சுரூபத்துல அந்தக் கை வெறுங்கை. கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளை வீட்டுல இருந்து ஒரு சீலா மீன் வரும். பொண்ணோட அத்தை, அப்பா கூடப் பிறந்தவ, அதைச் சம்மனசு கையில வைக்கணும். பூசை முடிஞ்சதும் எடுத்து அவளே அறுத்து அவளே குழம்பு வைக்கணும். பொண்ணும் மாப்பிள்ளையும் முதல் வாய் அதைத்தான் சாப்பிடணும். அத்தை இல்லாத பொண்ணுக்குத்தான் சித்தி வைப்பா. இன்னைக்கு என் தம்பி மக மெலானிக்கு அவ சித்திதான் வைக்கப் போறாளாம். அத்தை செத்துட்டான்னு ஊருக்குச் சொல்லுத மாதிரிதானே இது?

ஏன் மீன்னு எங்க ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. கடக்கரை, சம்மனசும் மீன் பிடிக்காருன்னு நினைச்சிக்கிட்டாவ. அது வேதத்துல எந்த ஆகமத்துல, எந்தப் புஸ்தகத்துல இருக்குன்னா உங்க வேதத்துல கிடையாது, உங்காளுக தள்ளி வச்சிட்டாவ. எங்க வேதத்துல உண்டு. ஆனா எங்காளுக யாரு படிச்சா? கதை என்னன்னா, ஒரு பொண்ணு. அவளுக்குக் கல்யாணம் ஆகும், அன்னைக்கே மாப்பிள்ளை செத்துப்போவான். ஒருத்தன் ரெண்டு பேரு இல்ல, ஏழு பேரு. ஒரு பிசாசு அவ மேல ஆசப்பட்டு வாரவனையெல்லாம் கொன்னு போடும். அப்புறம் தூரதேசத்துல இருந்து ஒரு பையன் வாரான். வழித்துணைக்கு ஒரு ஆளு கூட வாராரு. அவருதான் ரபேல் சம்மனசு, ஆனா வேஷம் மாறி வாராரு, பையனுக்குத் தெரியாது. பின்னாலேயே ஒரு நாயும் வருது. பையன் ஆத்துல கால் கழுவும்போது ஒரு பெரிய மீன் பாயுது. பிடி, ஈரலை எடுத்து வையின்னு சம்மனசு சொல்லுதாரு. அந்த ஈரலைக் கல்யாண அறையில நெருப்புல போட்டதும் பிசாசு புகை தாங்காம எகிப்துக்கு ஓடிருது. எட்டாவது மாப்பிள்ளை, அந்தப் பையன்தான், பிழைச்சிக்கிடுதான். இது வேதம், தங்கச்சி. நான் கட்டினது இல்ல.

இப்போ நீங்களே சொல்லுங்க. பிசாசு, வேஷம் போட்ட சம்மனசு, பாயுத மீன், நாய். இதுக்கு மேல ஒரு மாயக்கதைக்கு என்ன வேணும்? வெள்ளைக்காரன் டிராகனையும் மந்திரக்கோலையும் வச்சு எழுதினா நம்ம பிள்ளைக சாப்பாட்டை மறந்து படிக்குதுக. நம்ம கோயில்லயே நிக்க சம்மனசை ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. நான் பாத்தேன். பாத்தது ஒரு குத்தமா?

போன்ல ஒரு ஆப்பு இருக்கு, அதுல வாரா வாரம் தொடர்கதை எழுதுதேன். ஆயிரக்கணக்குல படிக்காவ. முதல்ல எழுதினது குருவிக் கதை. குழந்தை யேசு களிமண்ணுல சிட்டுக்குருவி செஞ்சாரு, கைதட்டினாரு, பறந்துட்டுன்னு ஒரு பழைய கதை உண்டு. அது எங்க வேதத்துலயும் கிடையாது, சபை சேக்கல. நான் அதை எடுத்து, பறந்த குருவிக எங்க போச்சு, என்ன தின்னுச்சு, மழை வந்தா கரைஞ்சிருமேன்னு எப்படிப் பயந்துச்சுன்னு ஒரு வருசம் எழுதினேன். ஊர்ல எல்லாரும் படிச்சாவ. ஒருத்தரும் குத்தம் சொல்லல. பங்குச் சாமியார் பிரசங்கத்துல கூட அதை எடுத்துச் சொன்னாரு. குருவி யாருக்கும் தம்பி மக இல்லல்லா, அதான்.

அடுத்ததுதான் இந்த ஏழு மாப்பிள்ளைக் கதை. வேதத்துல அந்தப் பொண்ணுக்கு ஒரு பேரு உண்டு. நான் மெல்லினின்னு மாத்தினேன். கேக்க நல்லாயிருந்துச்சு, வச்சேன். என் தம்பி மக பேரு மெலானி. அதுக்கு நான் என்ன செய்ய? நாடியில, இந்தா இந்த மோவாயில, ஒரு மச்சம் வச்சேன். கதாநாயகின்னா மச்சம் இருக்கும். மெலானிக்கும் இருக்கு, எனக்கும்தான் இருக்கு, பாருங்க, எங்க குடும்பத்துல எல்லாருக்கும் இருக்கு.

இந்தக் கதைக்கு முன்னாலேயே மெலானிக்கு ரெண்டு இடம் பேசி நின்னு போச்சு. அதையும் சொல்லிருதேன், இல்லைன்னா நான் மறைச்சேன்னு நினைப்பிய. முதல் பையன் நிச்சயம் முடிஞ்ச கையோட வள்ளம் கவிழ்ந்து கடல்ல போயிட்டான். ரெண்டாவது பையன் பைக்குல விழுந்து இடுப்பு ஒடிஞ்சு படுத்தான், அவன் வீட்டுல இந்தப் பொண்ணு வேண்டாம்னுட்டாவ. ஊரு வாயைக் கேக்கணுமா? என் கதையில முதல் மாப்பிள்ளை ஆத்துல முங்கிச் சாகுதான். ரெண்டாவது ஆளு குதிரையில இருந்து விழுதான். உடனே ஊரு பூரா, பாத்தியளா, எழுதிட்டா, அத்தைக்காரியே எழுதிட்டான்னு ஆரம்பிச்சிட்டாவ. ஒரு கதைன்னா தண்ணியில விழமாட்டானா, குதிரையில இருந்து விழமாட்டானா? ஏழு பேரைச் சாகடிக்கணும். ஏழு விதமாச் சாகடிக்கணும். நீங்க எழுதிப் பாருங்க, கஷ்டம் தெரியும்.

பள்ளிக்கூடப் பிள்ளைக மெலானி ஸ்கூட்டியில போகும்போது மாப்பிள்ளை எத்தனைன்னு விரலை மடக்கி மடக்கி எண்ணினாவளாம். அது பிள்ளைகளை வளத்தவங்க குத்தம். எனக்கும் அதுக்கும் என்ன?

இந்த நேரத்துலதான் மூணாவதா இந்த இடம் அமைஞ்சுது. பையன் பேரு ரெமிஜியுஸ், கப்பல்ல வேலை, நல்ல பையன். எங்க கோயில்ல கல்யாணத்துக்கு முந்தி மூணு ஞாயித்துக்கிழமை பொண்ணு மாப்பிள்ளை பேரைப் பூசையில வாசிப்பாவ. ஓலை வாசிக்கதுன்னு சொல்லுவோம். யாருக்காவது ஆட்சேபம் இருந்தா அதுக்குள்ள சொல்லிரணும். ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. அதுக்குப் பிறகு அந்தப் பையன் அம்மா, ஏதெல்னு பேரு, யாரோ சொல்லிக் கேட்டு என் கதையை முதல்ல இருந்து உக்காந்து படிச்சிருக்கா. படிச்சிட்டு என் தம்பி ததேயுகிட்ட வந்து, அந்தக் கதையை அழிச்சாத்தான் மூணாவது ஓலை, இல்லைன்னா எங்களை விட்டுருங்கன்னு சொல்லிட்டா. நல்ல வாசகி, ஒரு வரி விடாம படிச்சிருக்கா. ஆனா படிச்சதை வேதத்தோட ஒத்துப் பாக்கத் தெரியல.

ததேயு தூத்துக்குடிக்கு வந்தான். உக்காருடான்னா உக்காரல. வாசல்ல செருப்போட நின்னான். எக்கா, அழிச்சிருன்னான். நான் கேட்டேன், வேதத்துல உள்ளதை அழிக்கச் சொல்லுதியா? நான் என்ன இல்லாததையா எழுதினேன்? மாதாவோட அம்மா அன்னம்மாள்னு நவநாள் கும்பிடுதோமே, நாலு சுவிசேஷத்துல எங்கேயாவது அந்தப் பேரு இருக்கா? மூணு ராசாக்களுக்கு கஸ்பார், மெல்கியோர், பல்தசார்னு பேரு வச்சிருக்கோமே, வேதத்துல இருக்கா? எவனோ ஒருத்தன் கதையா எழுதி வச்சான், நாம இன்னைக்குக் கும்பிடுதோம். அவனை அழிக்கச் சொன்னோமான்னு கேட்டேன். நான் சொல்லி முடிக்குத வரைக்கும் தலையைக் குனிஞ்சே நின்னான். அப்புறம் சொன்னான்.

"எனக்கு வேதம் தெரியாதுக்கா. எம் மக சிரிக்கதை விட்டுட்டா."

கேட்டியளா? நான் என்ன பேசுதேன், அவன் என்ன பேசுதான். படிக்காதவனோட தர்க்கம் பண்ணினா இப்படித்தான்.

பங்குச் சாமியாரும் போன் பண்ணினாரு. எனக்கு சந்தோசம். இது பெரிய இடத்துக்குப் போயிட்டு, திருச்சபைக்கும் எழுத்துக்கும் நடுவுல உள்ள விசயம் ஆயிட்டுன்னு எல்லாத்தையும் தயார் பண்ணி வச்சிருந்தேன். திருச்சபை கூடின எந்தச் சங்கத்துல எந்த ஆகமத்தைச் சேத்தாவ, எதைத் தள்ளினாவ, எல்லாம். அவரு முழுசும் கேட்டாரு. கேட்டுட்டு, டீச்சர், வேதத்துக்கு விரோதம்னு யாரும் சொல்லல, அந்தப் பிள்ளையை நினைச்சுப் பாருங்கன்னாரு. புரியுதா? வேதத்துல என்னை ஜெயிக்க முடியல, அதனால பிள்ளையை முன்னால தள்ளி விடுதாவ. நான் ஒரு வரி அழிக்கல. அழிக்கவும் மாட்டேன்.

கடைசியில என்ன ஆச்சுன்னா, அந்தப் பையன் ரெமிஜியுஸ் கப்பல்ல இருந்து அவன் அம்மாகிட்டப் பேசி, ஓலையை வாசிக்கச் சொல்லுங்கன்னுட்டான். வாசிச்சாவ. ஆனா ஏதெல் அம்மா ரெண்டு கண்டிசன் போட்டுட்டா. கல்யாணத்துக்கு அந்த அத்தை வரக்கூடாது. கல்யாணம் முடியுத வரைக்கும் கதையில அடுத்த அத்தியாயம் வரக்கூடாது. ததேயு என்னைக் கேக்காமலே சரின்னு சொல்லிட்டான். என் வாயையும் கையையும் அவன் எழுதிக் கொடுத்துட்டான். அவன் பொஞ்சாதி பெர்பெத்து இருக்காளே, அவ எதுலயும் பேசமாட்டா. நல்லதும் பேசமாட்டா, கெட்டதும் பேசமாட்டா. வீட்டு வேலை, மீன், துணி, அடுப்பு. என் கதையை ஒரு வரி படிச்சிருக்க மாட்டா. அவகிட்ட எனக்கு ஒரு கோவமும் கிடையாது.

போன வாரம் மெலானி வந்தா. தனியா வந்தா. மதியம், நல்ல வெயிலு. நான் நினைச்சேன், அழுவா, காலைப் பிடிப்பா, அழிங்க அத்தைன்னு சொல்லுவா. அதுக்கும் பதில் வச்சிருந்தேன். அவ சோத்தைப் போட்டுச் சாப்பிட்டா. தட்டைக் கழுவி வச்சா. அப்புறம் என் வேதத்தை எடுத்து அந்த ஆகமத்தை விரிச்சு என் மடியில வச்சா.

"அத்தை, நீங்க எழுதினதுல பிசாசு பேசுது. செத்த மாப்பிள்ளைகள்லாம் பேசுதாங்க. நாய் கூட ஒரு இடத்துல பேசுது. அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை பேசல. நான் தேடிப் பாத்துட்டேன்."

நான் சொன்னேன், அவ பேசுததுக்கு என்னம்மா இருக்கு, எல்லாம் அவளைச் சுத்தி நடக்குதுல்லா. மெலானி விரலை வச்சுக் காட்டினா. வேதத்துல இருக்கு அத்தை. எல்லாரும் அவளை ஏசுதாவ. அவ மாடி அறைக்கு ஏறிப் போறா, செத்துரலாம்னு போறா. அப்புறம் நான் செத்தா எங்க அப்பாவை ஊர் ஏசுமேன்னு நினைச்சு, சன்னல்கிட்ட நின்னு ஜெபம் பண்ணுதா. இதை ஏன் விட்டுட்டியன்னு கேட்டா. அது நிஜம்தான், இருக்கு. நான் படிச்சிருக்கேன். ஆனா தொடர்கதையில ஒரு பொண்ணு மாடி ஏறி அழுதா கதை இழுக்கும், தங்கச்சி. அடுத்த வாரம் பாதி பேரு வரமாட்டாவ. அவளுக்கும் அப்படித்தான் சொன்னேன். இழுக்கும்மான்னேன்.

அவ வேதத்தை மூடி மேசையில வச்சா. அப்புறம் சொன்னா. எனக்கு மட்டும்தான் சொன்னா, அதனால நீங்க யாருகிட்டயும் சொல்லப்படாது. ரெண்டாவது இடம் வேண்டாம்னு சொல்லி விட்ட அன்னைக்கு அவ வீட்டு மாடிக்குப் போயிருக்கா. மதில்ல ஏறிட்டாளாம். காத்து அடிச்சுதாம். கீழ முத்தத்துல பெர்பெத்து மீன் கழுவிக்கிட்டு இருந்திருக்கா. நிமிர்ந்து கூடப் பாக்காம சத்தம் கொடுத்திருக்கா, ஏட்டி, மழை வருது, துணியை எடுத்துட்டு வான்னு. இவ இறங்கினா. துணியை எடுத்தா. மடிச்சுக் கீழ கொண்டு போனா. அவ்வளவுதான் அத்தைன்னா. அம்மாவுக்குத் தெரியாது, ஒருக்காலும் தெரியப்படாது, உங்களுக்கு மட்டும்தான் சொல்லுதேன், அந்தப் பொண்ணு எப்படி இருந்திருப்பான்னு உங்களுக்குப் புரியணும்னுதான் சொல்லுதேன்னா. கண்ணுல ஒரு சொட்டு தண்ணி கிடையாது.

நான் அழுதுட்டேன், தங்கச்சி. நிஜமா அழுதேன். அவளைக் கட்டிப் பிடிச்சு அழுதேன். என் கையில தூக்கி வளத்த பிள்ளை. அவ பஸ் ஏறிப் போனதும் உக்காந்தேன், எழுந்திரிக்கவே இல்ல. ஒரே மூச்சு. நான் இதுவரைக்கும் எழுதினதுலயே அதுதான் அத்தியாயம். ததேயு சொல்லி எழுதல, சாமியார் சொல்லி எழுதல, ஏதெலுக்குப் பயந்தும் எழுதல. என் கதைக்கு அது வேணும்னு எனக்கே தோணிச்சு, எழுதினேன். கேளுங்க, கொஞ்சம் வாசிக்கேன். பஸ் சத்தத்துல கேக்குதா?

"மெல்லினி மதில் மேல் நின்றாள். நகரம் அவளுக்குக் கீழே விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தது. பிசாசு அவள் காதருகே வந்து, என்னிடம் வா என்றது. அப்போது கீழே முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்த அவளுடைய தாய், நிமிர்ந்து பாராமலே குரல் கொடுத்தாள். ஏட்டி, மழை வருது, துணியை எடுத்துட்டு வா."

என் கதையில மெல்லினி வீடு அரண்மனை, அங்க கொடி கட்டித் துணி காயுமான்னு கேக்காதீங்க. காயும். அந்தத் துணி வரியை மாத்திப் பாத்தேன். கோயில் மணின்னு போட்டேன், குதிரைச் சத்தம்னு போட்டேன். ஒண்ணும் நிக்கல. இதுதான் நிக்குது. பிசாசு தோக்குததே இந்த இடத்துலதான், மீன் ஈரலுக்கு முன்னாலேயே. வேதம் எழுதினவருக்கே இது தோணல.

உங்களுக்கு மட்டும்னு அவ சொன்னாளேன்னு பாக்கியளா? எழுதுதவகிட்ட ஒருத்தி இப்படிச் சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்? மெல்லினியைப் பேச விடுங்கன்னு அவதானே கேட்டா. பேச விட்டுட்டேன். கண்டிசன் போட்டது ஏதெலு, ஒத்துக்கிட்டது ததேயு. நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கல. காலையில தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டுல நின்னு அந்த அத்தியாயத்தை ஆப்புல அமுக்கிட்டேன். போயிட்டு. இந்நேரம் எத்தனை பேரு படிச்சிருப்பாவளோ. ஏதெல் அம்மாவும் படிப்பா. படிக்கட்டும். படிச்சா என் மருமகளை நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிடுவா. கோயிலுக்குள்ள நான் நுழையும்போது ஊரே எழுந்து வழி விடும். சித்தி கையில இருக்க மீனை வாங்கி நான்தான் சம்மனசு கையில வைப்பேன், நீங்க வேணும்னா இறங்கி வந்து பாருங்க.

தோப்பு வந்துட்டு. இன்னும் ரெண்டு வளைவு, அப்புறம் கோபுரம் தெரியும்.

போன் அடிக்குது. இது யாரு நம்பரு, கண்ணாடி பையில இருக்கு. வாசிங்க. பெர்பெத்தா? நல்லாப் பாருங்க. பெர்பெத்துன்னா போட்டிருக்கு? அவ என்னைக் கூப்பிட்டதே கிடையாது. கல்யாண வீட்டுல அவளுக்கு ஆயிரம் வேலை கிடக்கும். அவ கதையெல்லாம் படிக்கமாட்டா. யாரோ வாசிச்சுக் காட்டியிருக்காவ.

எடுக்கேன். எடுக்கேன், அவசரம் என்ன? நின்னுட்டு. இந்தா, மறுபடியும் அடிக்குது. அடிக்கட்டும். முதல்ல நீங்க சொல்லுங்க, நீங்க வெளியாளு, படிச்சவிய. அந்தத் துணி எடுக்கச் சொல்லுத இடம். நல்லாயிருக்குல்லா?

ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டிய? நான் உங்களைத்தான் கேக்கேன். நல்லாயிருக்குல்லா?